தட்டினால் நிற்காத வண்டி

டிரெய்லரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் நில் என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் போகலாம். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் எத்தனை கன்டெய்னர் யார்டுகள் இருக்கின்றனவோ, அத்தனையிலும் இதுதான் சட்டம். எந்தப் பலகையிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஓட்டுநர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி, போனில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, அந்த ஒற்றைத் தட்டு காதில் விழுந்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். என் வீட்டுக்காரர் அந்தத் தட்டை நம்பித்தான் இத்தனை வருஷமும் கை காலோடு வீடு திரும்பியிருக்கிறார்.

அவருக்கு லாக் போடும் வேலை. கிரேன் கன்டெய்னரைத் தூக்கி டிரெய்லர் மேல் வைத்ததும், நான்கு மூலையிலும் இருக்கும் இரும்புப் பூட்டைத் திருப்பி இறுக்க வேண்டும். இல்லையென்றால் ஏதாவது ஒரு வளைவில் கன்டெய்னர் சரிந்து யார் தலையிலாவது இறங்கும். ஒரு வண்டிக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு மூலை. கடற்காற்றில் பூட்டெல்லாம் துருவேறி முரண்டு பிடிக்கும், சுத்தியலால் நாலு போடு போட்டால்தான் திரும்பும். முதலில் முடித்தவர் "ஆச்சு" என்று குரல் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். கடைசியாக முடித்தவர்தான் இரண்டு தட்டுத் தட்டுவார். கடைசி ஆள் தட்டாமல் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுக்க மாட்டார்.

நானும் அதே யார்டில்தான் வேலை செய்கிறேன். கேட்டில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, வரும் வண்டியின் எண்ணைச் சரிபார்த்து உள்ளே விடுவது என் வேலையாக இருந்தது. அனல் மின்நிலையத்துச் சாம்பல் ஜன்னல் கம்பியில் படியும், துடைத்தால் மறுபடி படியும். அப்படி இருந்தபோதுதான் ஓட்டுநர் இல்லாத டிரெய்லர்கள் வந்தன. சோதனை ஓட்டம் என்றார்கள். யார்டுக்குள்ளேயே ஓடும், வெளியே சாலைக்குப் போகாது. முதல் நாள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனோம். கேபின் இருந்தது, சீட்டும் இருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஸ்டியரிங் மட்டும் தன்பாட்டுக்குத் திரும்பியது. நான் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், நான் முதலில் சந்தோஷப்பட்டேன். என் அண்ணனை அடித்த வண்டியில் ஓட்டுநர் இருந்தார். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில், பட்டப்பகலில், பால் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தவன் மேல் டிரெய்லரை ஏற்றினார். இரண்டு நாளாகத் துறைமுக வரிசையில் தூக்கம் இல்லாமல் காத்துக் கிடந்த மனிதர், கண் அசந்துவிட்டார். அவரை நான் திட்டித் தீர்த்திருக்கிறேன், பிறகு பாவம் என்றும் நினைத்திருக்கிறேன். மெஷின் தூங்காது, குடிக்காது, அவசரப்படாது என்று மேனேஜர் சொன்னபோது நான் முழுசாக நம்பினேன். கோயிலில் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏற்றினேன்.

கேட்டிலிருந்து என்னை மேலே ஓர் அறைக்கு மாற்றினார்கள். ஏசி அறை. சுவர் நிறையத் திரைகள், கம்பத்துக் கேமராக்களில் தெரியும் யார்டு. நான்கு வண்டிகளை ஓர் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிவப்புப் பட்டன். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அமுக்கினால் போதும், வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு பெண் பொறியாளர், கோயம்புத்தூர்ப் பக்கம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மழுப்பத் தெரியாத பெண். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும், அதனாலேயே அவள் பேசினால் பயமாகவும் இருக்கும்.

"முன்னாடி எது வந்தாலும் நின்னுடுமுங்கக்கா. நாய் வந்தாக்கூட நிக்கும்" என்றாள்.

"பின்னால டிரெய்லர் கீதே, அதோட சைடுல?"

"டிரெய்லர் எங்க வரும்னு கணக்குப் போட்டுக்கும்."

"கணக்கு போடுமா, பாக்குமா?"

கொஞ்சம் யோசித்தாள். "முழுசாப் பாக்காதுங்கக்கா. அதுக்குத்தான் தரையில மஞ்சக் கோடு போட்டிருக்கோம். லாக் போடறவங்க ரெண்டு பேரும் கோட்டுக்கு வெளிய வந்தப்புறம், யாராச்சும் ஒருத்தர் கம்பத்துல இருக்கற பச்சைப் பட்டனை அமுக்கணும். அப்பத்தான் வண்டி கிளம்பும். அதையும் மீறி ஏதாச்சும்னா, மேல நீங்க இருக்கீங்களே."

மேலே நீங்கள் இருக்கிறீர்களே. மெஷின் தூங்காது என்று சொல்லித்தானே கொண்டுவந்தார்கள்? கடைசியில் தூங்காமல் இருக்க வேண்டியது நான்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தத் திரைகளில் சத்தம் கிடையாது. இது எனக்குப் பழகவே இல்லை. கீழே கிரேன் அலறும், இரும்போடு இரும்பு மோதும், ஆட்கள் கத்துவார்கள். மேலே எல்லாம் ஊமை. என் வீட்டுக்காரர் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு சின்னப் பொம்மையாக அங்கும் இங்கும் நடப்பார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்து கேமராவைப் பார்த்து வெற்றிலைக் காவிப் பல்லைக் காட்டுவார், சில சமயம் இடுப்பை ஆட்டி ஒரு குத்தாட்டம் போடுவார். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஆளில்லாத வண்டி சத்தமே இல்லாமல் வளைவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அது பேட்டரியில் ஓடுவது, நேரில் நின்றாலும் அதன் சத்தம் அதிகம் கேட்காது.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. டீ குடிக்க எழுந்தால் பயம், பாத்ரூம் போனால் பயம். கண் எரிந்தாலும் மூடி மூடித் திறக்கப் பயம். அவருடைய வண்டி என் நான்கில் ஒன்றாக வந்தால் பயம், வராமல் வேறு யாருடைய திரைக்காவது போனால் அதைவிடப் பயம். ஒரு நாள் சொல்லியே விட்டேன்.

"யோவ், நீ பழைய வண்டிங்க பக்கமே வேல கேட்டு வாங்கிக்கயேன்."

"இன்னாமே உனுக்கு பேஜாரு? அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்கு போவுது. ஹாரன் அடிச்சி உசுர வாங்கறதில்ல, பீடி கேக்கறதில்ல. சோக்கா கீது" என்றார்.

பிறகு ஒரு நாள் காலையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கேமராக் கண்ணாடியில் நீர் முத்து முத்தாக நின்று திரை கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. அவருடைய வண்டி அன்றைக்கு என் திரையில். கன்டெய்னரை வைத்தாயிற்று, இரண்டு பேரும் லாக் போடுகிறார்கள். அவருடைய ஜோடி, வியாசர்பாடிக்காரர், பல வருஷப் பழக்கம், தன் இரண்டு மூலையையும் முடித்துவிட்டார். அவர் வாய் திறந்து மூடியது தெரிந்தது. "ஆச்சு" என்று சொல்லியிருப்பார். சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி வந்து, கம்பத்தில் இருந்த பச்சைப் பட்டனையும் அமுக்கிவிட்டார்.

அவருக்கு அது குரல் கொடுப்பது மாதிரிதான். என் வேலை முடிந்தது என்று சொல்கிறார், அவ்வளவே. போகலாமா வேண்டாமா என்பது கடைசி ஆள் தட்டும்போது தெரியும். இத்தனை வருஷமும் கை அப்படித்தான் பழகியிருந்தது. வண்டிக்கோ அந்தப் பட்டன்தான் முதலும் கடைசியும். அது கிளம்பிவிட்டது.

என் வீட்டுக்காரர் இன்னும் பின் மூலையில், அந்தப் பக்கம். அவருக்கு முதுகுப் பக்கம் மூன்றடுக்குக் கன்டெய்னர் சுவர், முன்னால் டிரெய்லர். துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வண்டியின் முன்பகுதி இடது பக்கம் ஒடித்துத் திரும்ப, பின்னால் டிரெய்லர் உள்வாங்கிக்கொண்டு சுவரை நெருங்க ஆரம்பித்தது. நான் அவருடைய கையைத்தான் பார்த்தேன். கை மேலே போனது, டிரெய்லரில் இறங்கியது.

ஒரு தட்டு. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. கேட்டின் பக்கத்திலேயே வாழ்ந்தவள் அல்லவா, என் மனசு தானாக இரண்டாவது தட்டுக்காகக் காத்தது. இரண்டு என்றால் போகலாம். கை மறுபடி மேலே போனது. இரண்டு. சரி, முடித்துவிட்டார், போகச் சொல்கிறார் என்று ஒரு நொடி மூச்சு விட்டேன். கை மூன்றாவது முறை மேலே போனது. யாரும் மூன்று தட்ட மாட்டார்கள்.

அமுக்கினேன். அமுக்கிய விரலை எடுக்க முடியவில்லை. பொறியாளர் பெண் ஓடிவந்து என் விரலைப் பிடித்து விலக்கினாள். "நின்னுடுச்சுக்கா, நின்னுடுச்சு, பாருங்க" என்று காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தாள். திரையில் அவருடைய வயிற்றுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு டிபன் பாக்ஸ் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. அவர் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மாதாவே, மாதாவே என்று நான் சத்தமாகவே அழுதேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

படியிறங்கி கேன்டீனுக்கு ஓடினேன். அவர் டீ டம்ளரோடு நடுவில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் கூட்டம். தரையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்த ஆள் மாதிரியே இல்லை.

"மெர்சலாய்ட்டேன் மாமு. செத்தேன்னு நெனச்சேன். தட்னேன் பாரு, டமார்னு. டக்குனு நின்னுச்சு. காது கீது நைனா அதுக்கு!"

"மெய்யாலுமா?"

"அப்பால நான் எப்டி குந்திகினு டீ குடிக்கறேன்? தட்னா நிக்குது. நம்மாளு மாதிரியே நிக்குது."

எனக்குக் கோபம் வந்தது. நான் உயிர் போய் உயிர் வந்து நிற்கிறேன், இவர் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். "அது நிக்கல, நான் நிறுத்துனேன்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வியாசர்பாடிக்காரர் மட்டும் தலை குனிந்தார். என் வீட்டுக்காரர் சிரித்தார். "சர்தான் போமே. நீயும் அமுக்கியிருப்ப, நானும் தட்டியிருப்பேன். ஆனா அது நின்னது என் கை பட்டப்போ. எனக்குத் தெரியாதா?" அவர் உள்ளங்கை சிவந்திருந்தது. அந்தக் கையைக் காட்டித்தான் சொன்னார்.

நிர்வாகம் விசாரித்தது. மஞ்சள் கோட்டின் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள். வியாசர்பாடிக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். பொறியாளர் பெண் லாக் போடுகிற எல்லோரையும் நிற்க வைத்து, தட்டுவது வண்டிக்குத் தெரியாது, கோடும் பட்டனும்தான் பாதுகாப்பு என்று பொறுமையாகச் சொன்னாள். "சரி மேடம், சரி மேடம்" என்று தலையை ஆட்டினார்கள். கலைந்து போகும்போதே ஒருவர் ஓடும் வண்டியில் விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டினார். வண்டி நின்றது. ஓவென்று கத்தினார்கள்.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். என் பக்கத்து சீட்டுக்காரர் அமுக்கினார். திரையில் யாராவது டிரெய்லரைத் தட்டுவதைப் பார்த்தாலே எங்களுக்கெல்லாம் இப்போது விரல் துடித்தது, காரணம் கேட்காமல் அமுக்கினோம். அமுக்காமல் எப்படி இருப்பது? விளையாட்டா நிஜமா என்று ஊமைத் திரையில் எப்படித் தெரியும்? அவர்கள் தட்டத் தட்ட நாங்கள் அமுக்க, நாங்கள் அமுக்க அமுக்க அவர்களுடைய நம்பிக்கை வளர்ந்தது. ஜோடி ஆள் கோட்டுக்கு வெளியே வருவதற்கு முன்பே பட்டனை அமுக்க ஆரம்பித்தார்கள். தட்டினால்தான் நிற்குமே என்றார்கள்.

அந்த நாட்களில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. கண்ணை மூடினால் அந்தக் கை மேலே போகும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் யாரோ பெஞ்சைத் தட்டினார்கள், என் ஆள்காட்டி விரல் மடியிலேயே அழுந்தியது. ஒரு மனிதர் தூங்கியதால் அண்ணன் போனான். இப்போது நான் கண் அசந்தால் இவர் போவார், அதுவும் நான் காப்பாற்றுகிறேன் என்பதே தெரியாமல். இன்னொன்றும் காதில் விழுந்தது. சோதனை ஓட்டம் நன்றாகப் போகிறதாம், அடுத்து ஓர் ஆளுக்குப் பத்து வண்டி தரலாம் என்று பேச்சாம்.

பொறியாளர் பெண்ணிடம் போனேன். "ஒரு வாட்டி அமுக்காம இருக்கணும்மா. அவுங்க கண்ணால பாக்கணும்" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மேனேஜரிடம் பேசி ஏற்பாடு செய்தாள். கன்டெய்னர் எதுவும் அடுக்காத வெட்டவெளி, சுமையில்லாத டிரெய்லர், நடந்து போகும் வேகம். தட்டுவதற்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது என் வீட்டுக்காரர்தான் முன்னால் வந்தார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியும்.

மேலே நான் சீட்டில் உட்கார்ந்தேன். பொறியாளர் பெண் அருகில் நின்றாள், வேண்டுமானால் அவள் அமுக்குவாள் என்று பேச்சு. நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வண்டி கிளம்பியது. அவர் டிரெய்லரின் பக்கத்திலேயே நடந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கொஞ்சம் மிடுக்கு. கையை நன்றாக ஓங்கி ஒரு தட்டு. வண்டி போய்க்கொண்டிருந்தது. மறுபடி தட்டினார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், சரியாகப் படவில்லை என்கிற மாதிரி. நடையை எட்டிப் போட்டு இன்னும் பலமாகத் தட்டினார். பிறகு சிரிப்பு போய்விட்டது. இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தார். வாய் திறந்து திறந்து மூடியது. நில்லு, நில்லு என்றுதான் சொல்லியிருப்பார். தொடைக்குக் கீழே என் கைகள் மரத்துப்போயின. எதிரில் எந்த ஆபத்தும் இல்லை, அவர் வெட்டவெளியில்தான் நடக்கிறார் என்று தெரிந்தும், கையை உருவிவிடாமல் இருக்க இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். வண்டி தனக்குச் சொன்ன இடத்தில் போய், தனக்குச் சொன்னபடி நின்றது.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி மேலே எங்கள் அறையின் ஜன்னலைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்றைக்கு அவருடைய பைக்கில் வீட்டுக்குக் கிளம்பினோம். எண்ணூர்ச் சாலையில் வழக்கம்போல டிரெய்லர் வரிசை, தூசி, ஹாரன். வழக்கமாக இரண்டு டிரெய்லருக்கு நடுவில் புகுந்து புறப்படுகிற ஆள், அன்றைக்கு எல்லாவற்றையும் முன்னால் போக விட்டுவிட்டு ஓரமாகவே வந்தார். காசிமேட்டில் மீன் வாங்க நிறுத்தலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், ஆனால் நிறுத்தவில்லை.

வீட்டில் முகம் கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அன்னிக்கு நீதான் அமுக்குனியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடி பிசைந்தார்.

"நாளிக்கு உனுக்கு லீவு தானே?"

"ஆமா."

"மேல யாரு குந்துவாங்க?"

"புதுசா ஒரு பொண்ணு வந்துகீது. வண்ணாரப்பேட்டப் பொண்ணு. நல்லா பாக்கும்."

அவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பயந்து நான் பார்த்ததில்லை. கடலுக்குப் பயந்ததில்லை, போலீசுக்குப் பயந்ததில்லை, நான் பயந்தபோதெல்லாம் கேலி செய்தவர்.

"அந்தப் பொண்ணுக்கு என்னைத் தெரியுமா மே?" என்று கேட்டார். "நான் யாருன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.